இறால் வாடியில் பத்தரை மணி

பொருளியல் ஆசிரியர்களாக இந்த வருடம் நியமனம் பெற்று வந்திருக்கிறீர்கள். வகுப்பை எப்படி அடக்குவது, புள்ளித்திட்டத்தை எப்படி வாசிப்பது, அதிபரிடம் லீவு எப்படிக் கேட்பது என்பதெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் நீங்கள் கேட்டது வேறு. "டீச்சர், உங்கட சேர்விஸில மறக்க ஏலாத பாடம் எது?" முப்பத்தொரு வருடம் படிப்பித்தவளிடம் இப்படிக் கேட்டால், நல்ல பெறுபேறு வந்த கதை ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்க வேண்டும். நான் படிப்பித்த ஒரு பாடத்தைக் கேட்டுவிட்டு இருபத்திரண்டு பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு சும்மா உட்கார்ந்த கதைதான் என்னிடம் இருக்கிறது. அவர்களில் ஒருவர்கூட என் மாணவி இல்லை.

இலாபம் என்ற பகுதி பாடத்திட்டத்தில் சின்னது என்று உங்களுக்குத் தெரியும். நிலத்துக்கு வாரம், உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, முயற்சியாளருக்கு இலாபம். அவருக்கு ஏன் இலாபம்? அவர் இடர் தாங்குகிறார், அதற்கான வெகுமதி. இரண்டு வரி எழுதினால் நாலு புள்ளி. எனக்கு அந்த இரண்டு வரி ஒருநாளும் காணாது. ஆகவே வருடா வருடம் மற்றப் பக்கத்தையும் சொல்லுவேன். தொழிலாளி தன் கூலிக்குச் சமமான பெறுமதியை நாளின் ஒரு பகுதிக்குள்ளேயே உண்டாக்கிவிடுகிறார், மிச்ச நேரத்தில் அவர் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை, அந்த நேரத்தில் இருந்துதான் இலாபம் பிறக்கிறது, அதற்குச் சுரண்டல் என்று பெயர் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை, உற்பத்திக்கு யார் எவ்வளவு சேர்த்தாரோ அவ்வளவைத்தான் அவர் பெறுகிறார் என்று மறு சாரார் சொல்கிறார்கள். சோதனையில் இதைக் கேட்கமாட்டார்கள். ஆனால் இந்த இடம் வந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பின்வாங்கில் கொட்டாவி விடுகிறவன்கூட வாயை மூடுவான். அதைப் பார்க்கிற ஆசையில்தான் படிப்பித்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். கைதட்டலுக்கு அலைகிற குணம் ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கூடத்தான்.

நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது கொரோனா வந்து பாடசாலையை மூடியது. வீட்டிலிருந்தே படிப்பியுங்கள் என்றார்கள். களுவாஞ்சிக்குடியில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியா இருந்தது? போனில் ஒரு குழு உண்டாக்கினோம். தினமும் காலை ஒன்பது மணிக்குப் பாடத்தை வொயிஸ் மெசேஜாகச் சொல்லிப் போடுவேன். கடதாசியில் படம் கீறி, போட்டோ எடுத்து அதையும் போடுவேன். 'நன்றி டீச்சர்' என்று முப்பது பேர் கும்பிடு அனுப்புவார்கள். நானும் கடமை முடிந்தது என்று தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. பல வீடுகளில் ஒரு போன்தான். அது காலையில் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். வாவிக்கரையில் ஓர் இறால் வாடி இருந்தது. தோணிக்காரர் இரவில் பிடித்துவரும் இறாலை வாங்கி, தலை கிள்ளித் தோல் உரித்து, ஐஸில் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற பெரிய தகரக் கொட்டில். ஊரடங்கிலும் பாஸ் எடுத்து ஓடிய ஒரே தொழில் எங்கள் பக்கத்தில் அதுதான். அங்கே உரித்த ஒரு தாயின் மகள் என் வகுப்பில் இருந்தாள். ஒன்பது மணிக்கு என் வொயிஸ் வந்து விழும். தாயின் கையெல்லாம் ஈரம். முழங்கையால் போனைத் தட்டி, மகளின் படிப்பில் ஏதாவது அவசரமோ என்று சத்தமாகப் போட்டுக் கேட்பாராம். மேசையைச் சுற்றி நின்ற மற்ற இருபத்தொரு பேரும் கேட்பார்கள். இப்படிக் கேள்வி வளைகோடு என்ற முதல் பாடத்தில் தொடங்கி ஆறு வாரம், நான் அறியாமலே அந்த வாடிக்குப் பொருளியல் படிப்பித்திருக்கிறேன். மகளுக்கு விளங்காத இடத்தைப் பின்னேரம் தாய் விளங்கப்படுத்துவாராம். பிறகு இதை அறிந்தபோது எனக்கு வந்த சந்தோசம், எத்தனையோ வருடப் பெறுபேறுகளும் தராத சந்தோசம்.

அந்தத் தாயின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் "என்ன ஏன் டீச்சர் சந்திக்கு இழுக்கிறீங்க?" என்று சண்டைக்கு வருவார். ஆனால் என் தொழிலில் எனக்குக் குரு யாரென்று கேட்டால் அவரைத்தான் காட்டுவேன்.

ஏழாவது வாரம் இலாபம் வந்தது. உள்ளூர் உதாரணம் எடுங்கள் என்று எல்லாச் செயலமர்விலும் சொல்வார்களே, நானே மேடையேறிச் சொல்லியிருக்கிறேனே, அந்த உற்சாகத்தில் இறால் வாடியையே எடுத்தேன். "உங்கட அம்மா காலையில ஏழு மணிக்கு உரிக்கத் தொடங்கி மூண்டு மணிக்கு முடிக்கிறா எண்டு வைப்பம். பத்தரைக்குள்ள அவ தன்ட நாட்கூலிய உழைச்சு முடிச்சிருவா. பத்தரைக்குப் பிறகு அவட கை முதலாளிக்காகத்தான் அசையுது." ஒரு கோடு கீறி, ஏழும் மூன்றும் குறித்து, பத்தரையில் சிவப்புப் பேனையால் வெட்டி, அதையும் போட்டோ எடுத்துப் போட்டேன். நல்லாய் வந்துவிட்டது என்று எனக்கே ஒரு புளுகம், ஒரு பெருமிதம். அந்த வாடிக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வாசலில் நின்று அரைக் கிலோ வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பத்து நாற்பதுக்குப் போன் அடித்தது. வாடி முதலாளி. அவன் என் பழைய மாணவன். பொருளியலில் சாதாரண சித்தி, அதுவும் நான் தலையில் குட்டிக் குட்டி எடுக்கவைத்தது.

"டீச்சர், எங்க நிக்கிறீங்க?"

"வீட்டதான். ஏன் மகன்?"

"சுறுக்கா வாடிக்கு வாங்க. எல்லாரும் கையக் கழுவிப்போட்டுக் குந்தி இரிக்காங்க. பத்தரைக்குப் பிறகு உரிக்கமாட்டாங்களாம். கேட்டா, டீச்சர் சொன்னாவாம்!"

இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வாடி. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஓய்வூதியம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

உள்ளே பார்த்தால், சுவரோரமாகச் சிமெந்துத் தரையில் இருபத்திரண்டு பெண்களும் வரிசையாக இருந்தார்கள். ஊரடங்குச் சட்டப்படி இடைவெளியும் விட்டிருந்தார்கள். மேசையில் உரிக்காத இறால் மலைபோல. ஐஸ் உருகித் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இறாலின் தலை கறுத்துவிடும். ஒன்றரைக்குக் கொழும்பு லொறி. முதலாளி கூட்டில் அடைத்த கோழிபோல அங்குமிங்கும் நடந்தான்.

"பிழை எண்டு சொல்லுங்க டீச்சர்," என்றான். "ஐஸ் ஆர் வாங்கின? தோணிக்காரனுக்கு முன்காசு ஆர் குடுத்த? பழுதாப்போன றாலுக்கு ஆர் பொறுப்பு? இதெல்லாம் உங்கட கோட்டில இரிக்கா?" பிறகு அந்தத் தாயைக் கைநீட்டிக் காட்டினான். "இவதான் போனச் சத்தமாப் போட்டவ. இவ நாளைக்கு வரத் தேவல்ல. மற்றாக்களும் கேளுங்க, இப்ப எழும்பாட்டி நாளையில இருந்து நான் றாலத் தோலோடதான் அனுப்புவன், உரிக்க ஆளே தேவல்ல."

அந்தத் தாயின் கணவர் மேசன். ஊரடங்கில் கட்டிட வேலையெல்லாம் நின்று அவர் வீட்டோடு இருந்தார். அந்த வீட்டின் அடுப்பு எரிந்தது இந்தப் பெண்ணின் கையால்தான். அது எனக்குத் தெரியும். என் வாயால் அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போகப் போகிறது.

இந்த இடத்தில் நீங்கள் நின்றால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'நான் சொன்னது சரி' என்றால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும், அந்தப் பெண்ணுக்கு வேலை போகும். 'பிழை' என்றால் லொறி நேரத்துக்குப் போகும், ஆனால் என்னை நம்பி எழும்பாமல் இருந்தவர்கள் முட்டாள்கள் ஆவார்கள், அந்தத் தாய் எல்லோருக்கும் முன்னால் குனிய வேண்டும். 'அது சும்மா ஓர் உதாரணம்தானே' என்று நழுவலாம். அது வாய்நுனி வரை வந்தது. ஆசிரியர்களுக்கு மிகவும் கைவந்த வழி அது. விழுங்கினேன்.

"நான் ஒருநாளும் இதுக்குள்ள வந்ததில்ல," என்றேன். "பாக்காமத்தான் கோடு கீறினன். ஐஸ் அந்தக் கோட்டில இல்ல, முன்காசும் இல்ல. அது என்ட பிழை. முதல்ல நான் கேக்கிறதுக்குச் சொல்லுங்க." தாயிடம் திரும்பினேன். "தங்கச்சி, இண்டைக்கு எத்தின மணிக்கு உரிக்கத் தொடங்கினீங்க? ஏழுக்கா?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "எட்டே முக்காலுக்கு டீச்சர். காத்து மாறினதால தோணி பிந்தித்து. நாட்கூலியும் இல்ல எங்களுக்கு. கிலோவுக்குத்தான் உரிக்கிறம்."

என் கோடு முழுவதும் நாட்கூலியில் நின்றது. அது அப்படியே சரிந்து விழுந்தது.

"அப்ப என்ட கணக்குப் பிழை எண்டு உங்களுக்குத் தெரியும்?"

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சுமா பத்தரைக்குக் கையக் கழுவினீங்க?"

"என்ன டீச்சர் செய்யிற? நாங்க வாயால கேட்டா முதலாளிக்குக் கேக்கிறல்ல. உங்கட பாடத்தில 'நேரம்' எண்டு ஒரு சொல்லு வந்திச்சி. எங்கட நேரத்தப் பத்தி ஒருத்தரும் கதைச்சதில்ல. இதச் சாட்டா வச்சுக் கொஞ்சம் இருந்து பாப்பமே எண்டு இருந்தம்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நீங்க எங்கட கை றால்ல இரிக்கிற நேரத்தத்தான் எண்ணினீங்க. றாலுக்குக் காத்திரிக்கிற நேரத்த எண்ணல்லயே. அஞ்சரைக்கு வந்து இந்தச் சிமெந்தில குந்துறம். தோணி ஆறுக்கும் வரும், ஒம்பதுக்கும் வரும். வரக்குள்ள ஆள் இல்லாட்டி மேசையில இடம் போயிரும். கேட்டா, கிலோவுக்குத்தானே உரிக்கிறீங்க, இரிக்கிறதுக்கு என்ன கூலி எண்டு முதலாளி கேக்கிறார்."

முப்பது வருடமாக இரண்டு சாராரையும் கரும்பலகையில் மோதவிட்டவள் நான். அந்த இரண்டு சாராரும் ஒரே இடத்தை விரல்நீட்டிக் காட்டுவதை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். முதலாளியிடம் திரும்பினேன்.

"மகன், இலாபம் எதுக்கான வெகுமதி?"

அவனுக்கு நாற்பது வயது. ஆனாலும் கேள்வி கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இடர் தாங்கிறதுக்கு."

"நாலு புள்ளி. தோணி பிந்தினா அது ஆருட இடர்?"

"என்ட. வேற ஆருட?"

"நீ எத்தின மணிக்கு வந்தாய் இண்டைக்கு?"

அவன் குனிந்து ஐஸை அள்ளி இறாலின் மேல் போட்டான். சுவரோரத்தில் இருந்து ஒரு குரல் உதவிக்கு வந்தது. "தோணி கரைக்கு வந்ததும் போன் அடிப்பாங்க டீச்சர். அதுக்குப் பிறகுதான் எழும்புவார்." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அப்ப அஞ்சரையில இருந்து எட்டே முக்கால் வரைக்கும் அந்த இடரச் சிமெந்தில குந்தியிருந்து தாங்கினது இவங்க. வெகுமதிய எடுக்கிறது நீ. மற்றப் பக்கத்துக்காரர் சொல்ற கூலியில்லாத நேரமும் அதேதான். ரெண்டு புத்தகத்தையும் பிரிச்சுப் பார், நீ ரெண்டிலயும் பெயில்."

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அவன் கெட்டவன் இல்லை. ஊரடங்கில் வாடியைப் பூட்டிவிட்டுப் படுத்திருக்கலாம். பூட்டவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு தாயைப் பார்த்தான். "அப்ப என்ன செய்யச் சொல்றீங்க? சொல்லுங்க."

அவர் இதை எத்தனை காலமாக மனதில் வைத்திருந்தாரோ, ஒரே மூச்சில் சொன்னார். "தோணிக்காரர் வலை கிளப்பினதும் எங்கட போனுக்கு ஒரு அடி அடிக்கட்டும். கரைக்கு வர அரை மணித்தியாலம் போகும். நாங்க எல்லாரும் கூப்பிடு தூரத்திலதானே இரிக்கம், வந்திருவம். இருபத்திரண்டு பேருக்கும் மேசையில இடம் நிரந்தரம். கூப்பிட்டதுக்குப் பிறகும் றால் பிந்தினா, ஒரு கிலோ உரிச்சதா வச்சுத் தாங்க. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றான் அவன். உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "ஏன் எனக்கு இது யோசிக்க வரல்ல?"

ஏன் வரவில்லை என்று நான் சொன்னேன். விலை இல்லாத பண்டத்தை யாரும் சிக்கனமாகப் பாவிக்கமாட்டார்கள் என்பது நாங்கள் முதலாம் தவணையில் படிப்பிக்கிற பாடம். ஐஸுக்கு விலை இருந்தது, ஆகவே ஒரு துண்டும் வீணாகாமல் பார்த்தான். டீசலுக்கு விலை இருந்தது. இருபத்திரண்டு பெண்களின் காலைப்பொழுது அவனுக்குச் சும்மா கிடைத்தது, ஆகவே அதை அள்ளிக் கொட்டினான். ஒரு போன் அடியில் மிச்சம்பிடித்திருக்கலாம் என்ற நினைப்பே அவனுக்கு வந்ததில்லை.

"சரி, ஒரு கிலோ வைப்பம்," என்றான். பிறகு, "எழும்புங்க, லொறி வரப்போகுது."

ஒருவரும் எழும்பவில்லை. எல்லோரும் அந்தத் தாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நாளைக்கு வரத் தேவையில்லை என்ற சொல்லை அவன் இன்னும் திரும்ப எடுக்கவில்லை.

"இவ?" என்று கேட்டேன்.

அவன் நிலத்தைப் பார்த்தான். "வரட்டும் டீச்சர். இவ வராட்டி உங்கட பாடத்த ஆர் சத்தமாப் போடுற?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "பள்ளிக்கூடத்தில விளங்காத கேள்வி நெகிழ்ச்சி எனக்கு இந்த முறைதான் விளங்கினது."

உடனே எழுந்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பி மேசைக்குப் போனார்கள். குழப்பம் உண்டாக்கியவள் நான், சும்மா நிற்க மனம் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நானும் அந்தத் தாயின் பக்கத்தில் நின்றேன். அவர் நாலு கிலோ உரிக்கிற நேரத்தில் நான் அரைக் கிலோ உரித்தேன். அதிலும் பாதி சதை தோலோடு போய்விட்டது. விரல் நுனியெல்லாம் கொள்ளிபோல எரிந்தது. "டீச்சர், நீங்க முதலாளிக்குத்தான் நட்டம்," என்று பகிடி பண்ணினார்கள். லொறி ஒன்றே முக்காலுக்குப் புறப்பட்டது. கால் மணித்தியாலம்தான் பிந்தியது.

இலாபத்துக்கும் சுரண்டலுக்கும் உள்ள தொடர்பை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். பெரிய மூளைக்காரர்கள் இன்னும் அதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள், பிடிக்கட்டும். ஐஸுக்கும் முன்காசுக்கும் பழுதுக்கும் அந்தக் கோட்டில் எவ்வளவு இடம் கொடுப்பது, எங்கே வெட்டுவது என்பது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஒரு பிள்ளை கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கோட்டை எங்கே தொடங்குவது என்பதில் கவனமாக இருங்கள். நான் ஏழு மணியில் தொடங்கினேன். அது ஐந்தரையில் தொடங்க வேண்டிய கோடு. எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும், உதாரணம் சொல்லுமுன் அந்த இடத்துக்கு ஒரு தரம் போய்வாருங்கள். போக முடியாவிட்டால், அங்கே நிற்கிற ஆளிடம் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்றாவது கேளுங்கள்.

மறுநாள் காலை நான் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. போன் கிணுங்கியது. குழுவில் ஒரு வொயிஸ். அந்தப் பிள்ளையின் இலக்கத்தில் இருந்து, ஆனால் குரல் தாயுடையது. வழக்கமாக அந்தப் போனில் ஐஸ் உடைக்கும் சத்தமும் தோணி எஞ்சின் சத்தமும்தான் பின்னால் இருக்குமாம். அன்றைக்கு ஒரு சேவல் கூவியது.

"டீச்சர், ஆறேகாலாகுது. இன்னும் போன் அடிக்கல்ல. வீட்டதான் நிக்கன். புட்டு அவிச்சுக் குடுத்துப்போட்டு, மகள் சாப்பிடுறதப் பாத்துக்கொண்டிரிக்கன். மூண்டு வருசமா இவள் காலையில என்ன சாப்பிடுறாள் எண்டு எனக்குத் தெரியாது. ஏன் பாக்கிறீங்க எண்டு எனக்கு ஏசுறாள்."

அதற்குப் பின்னால் வாயில் புட்டோடு ஒரு பிள்ளை கத்துவது கேட்டது: "அம்மா, அத குழுவில போடாதீங்க!"